சிவப்பு மைத் திருத்தம்

அத்தியாயம் 9

சென்ற வாரம் மார்க்கண்டுவை ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். ஏழு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அவன் அங்கேயேதான் நிற்கிறான். வலது கண்ணை ஒரு மட்டைத் துண்டு மறைத்திருக்கிறது. இடது கண் திறந்திருக்கிறது. அதைப்பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"வாசியும்," என்றார் அரசாங்க டொக்டர்.

"எதை, டொக்டர்?"

"சுவரிலை இருக்கிறதை."

"சுவரிலை வெள்ளையாய் ஏதோ ஒண்டு தொங்குது."

"அதுதான் அட்டை. அதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

"எழுதிக் கிடக்கோ?" என்றான் மார்க்கண்டு.

டொக்டர் தமது கையேட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அட்டையின் முதலெழுத்து ஒரு பூசணிக்காய் அளவு இருந்தது. அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த எட்டுப் பேரும் அதைக் கதவிடுக்கால் வாசித்து முடித்து, அடுத்த வரிக்குப் போயிருந்தார்கள்.

இன்றுதான் வந்து சேர்ந்த வாசகருக்காகச் சொல்வதானால்: மார்க்கண்டு உடுப்பிட்டி நொத்தாரிசு ஆழ்வாப்பிள்ளையின் ஒரே மகன். வயது இருபத்திரண்டு. கந்தோர் எழுத்து வேலைக்கான அரசாங்க லிகிதர் பரீட்சையில் இலங்கை முழுவதிலும் பதினேழாவதாகத் தேறியவன். மிஞ்சியிருந்தது வைத்தியப் பரிசோதனை ஒன்றுதான். "அது வெறும் சடங்கு" என்று தகப்பனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

தன் இடது கண் அவ்வளவு உஷாரானதல்ல என்பது மார்க்கண்டுவுக்கு முன்பே தெரியும். வகுப்பில் எப்போதும் இடது ஓரத்து வாங்கில்தான் இருப்பான். கிரிக்கெட்டில் இடப்பக்கமாக வரும் பந்தைப் பிடிக்க மாட்டான். அதைத் தன் பெருந்தன்மை என்று பிறர் எண்ணும்படி நடந்துகொள்வான். களைத்தால் அந்தக் கண் மெல்ல மூக்கைவிட்டு விலகி வெளியே பார்க்கும். அப்போது கைலேஞ்சியை எடுத்து முகம் துடைப்பான். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை ஒன்று வேலை செய்யவில்லை என்பது வெளியே தெரிவதில்லை. எந்தக் கந்தோரிலும் இது நடப்பதுதான்.

டொக்டர் சின்னக் கண்ணாடி ஒன்றால் வெளிச்சத்தைத் திருப்பி, கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணிலை ஒரு பழுதும் இல்லை. கண் பாக்குது, மூளைதான் அதை எடுக்குதில்லை. சின்ன வயதிலை ஒரு கண் கொஞ்சம் பின்னடிச்சால், மூளை மற்றதையே நம்பிப் பழகிவிடும். நம்பாமல் விட்ட கண் சோம்பேறியாய்ப் போம்."

"இனி மருந்து ஏதும்...?"

"ஆறு வயதிலை நல்ல கண்ணை மறைச்சுக் கட்டியிருந்தால் சோம்பேறிக்கண் வேறை வழியில்லாமல் வேலை பழகியிருக்கும். இப்ப கட்டினால் நீர் கிணத்துக்குள்ளை விழுவீர், அவ்வளவுதான்."

மார்க்கண்டுவின் முகம் மலர்ந்தது. "எனக்குக் கட்டினது டொக்டர்! ஆறு வயதிலை. மிஷன் ஆசுபத்திரி டொக்டரம்மா துண்டு எழுதித் தந்தவ. ஆறு மாதம், ஒரு நாளும் விடேல்லை. எங்கடை ஐயா மணிக்கூடு பாத்துக் கட்டுவார், மணிக்கூடு பாத்து அவிழ்ப்பார்."

டொக்டருக்கும் ஆர்வம் வந்தது. "அப்பிடியோ? நல்லாய்க் கஷ்டப்பட்டிருப்பீர். தூண், கதவு எல்லாத்திலையும் முட்டியிருப்பீர்."

"இல்லை டொக்டர். எல்லாம் வடிவாய்த் தெரிஞ்சது. பட்டம்கூட ஏத்தினனான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"எந்தக் கண்ணைத் தம்பி கட்டினவை?"

மார்க்கண்டுவின் கை தானாக எழும்பி இடது கண்ணைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. வைத்திய சாஸ்திரத்தில் இதற்கொரு சொல் இருந்திருக்கலாம். டொக்டர் நல்ல மனுஷர், அதைச் சொல்லவில்லை.

"இஞ்சை கேளும்," என்றார், பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு. "திங்கக்கிழமை கொழும்பிலை இருந்து வைத்தியச் சபை வருது. லிகிதர் வேலைக்கு ஒரு கண் போதும். ஆனால் கண் போய்க்கொண்டிருக்கிற ஆளை அவை எடுக்க மாட்டினம். உது சின்ன வயதிலேயே வந்தது, இனி மோசமாகாது எண்டதுக்கு ஒரு எழுத்து வேணும். அந்தத் துண்டு இப்பவும் கிடக்கோ?"

"கிடக்கும் டொக்டர். எங்கடை ஐயா ஒரு கடதாசியும் எறிய மாட்டார்."

"அப்ப பயமில்லை. அதைக் கொண்டு வாரும்."

வெளியே வந்தபோது வாங்கிலிருந்த எட்டுப் பேரும் அவனை ஏறிட்டுப் பார்க்காமல் போன வருஷத்து ராசாவின் முடிசூட்டுக் கலண்டரைப் பார்த்தார்கள். அதுதான் அவனை அதிகம் சுட்டது.

பஸ்ஸில் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. வலது கண்ணை மூடினான். எதிரே இருந்த முகங்கள் நனைந்த கடதாசி போலக் கரைந்தன. திறந்தான், முகங்கள் திரும்பி வந்தன. மூடினான். திறந்தான். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவனின் யோக்கியதையை இன்றைக்குத்தான் விசாரிப்பது போல மூடி மூடித் திறந்தான். எதிரே ஒரு தாயும் குமர்ப்பிள்ளையும் இருந்ததை இந்த விசாரணையில் அவன் கவனிக்கவில்லை.

"தம்பி," என்றாள் தாய், பஸ் முழுவதற்கும் கேட்க. "உமக்கு அக்கா தங்கச்சி இல்லையோ?"

"இருக்கு அம்மா. ஒரு தங்கச்சி."

"அவளைப் பாத்து அடியும் கண்ணை!"

பஸ் சிரித்தது. சாரதியும் சிரித்தார். அந்தப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கண் சோம்பேறிக்கண் அம்மா, பரீட்சை பண்ணிப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதைவிடக் கண்ணடித்தவனாகவே இருப்பது மேல் என்று அவனுக்குப் பட்டது. வல்லை வெளியில் மணியடித்து இறங்கினான். வல்லை வெளியில் இறங்குவதற்கு எவருக்கும் ஒரு காரணமும் கிடையாது. காற்றைத் தவிர அங்கே ஆளில்லை. மிச்ச வழியை நடந்தே முடித்தான்.

*

நொத்தாரிசு ஆழ்வாப்பிள்ளை தமது கந்தோர் அறையில் இருந்தார். மேசையில் இரண்டு மைக்கூடு. கறுப்பு மை காணி உறுதிப் பத்திரம் எழுத. சிவப்பு மை மற்றவர்களைத் திருத்த.

முப்பது வருஷத்தில் அவர் முடித்த உறுதி ஒன்றுகூடக் காணிப் பதிவுக் கந்தோரிலிருந்து திரும்பி வந்ததில்லை. திரும்பி வந்ததெல்லாம் அவரிடமிருந்து பிறருக்குத்தான். கோயில் விளம்பரத்தைத் திருத்தி ஐயருக்கு அனுப்புவார். அரசாங்கக் கச்சேரிக் கடிதத்தைத் திருத்திக் கச்சேரிக்கே அனுப்புவார். ஒன்பது வருஷத்துக்கு முன் பக்கத்து வளவு இராசநாயகம் மாஸ்டர் தம் மகளின் கலியாணக் கடிதத்தை மரியாதையாக வெற்றிலையோடு கொண்டுவந்து வைத்தார். மறுநாள் அது நாலு சிவப்புத் திருத்தத்தோடு மாஸ்டர் வீட்டுக்குத் திரும்பிப் போனது. அன்று சாயந்தரமே இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஆள் போய்வர இருந்த பொட்டு ஓலை வைத்து அடைக்கப்பட்டது. கலியாணம் நடந்து, மாஸ்டருக்குப் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். பொட்டு இன்னும் திறக்கவில்லை.

"என்ன, சடங்கு முடிஞ்சுதோ?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"தவறிப்போச்சு ஐயா. இடது கண்."

தலை நிமிர்ந்தது. "டொக்டர் பிழை விட்டிருக்கிறார்."

"இல்லை ஐயா..."

"நீ பேசாமல் இரு. பிள்ளை பாலேசு! பெட்டிசம் எழுதுற தாள் எடுத்து வா."

மகள் பாலேஸ்வரி தாளோடு வந்தாள். வயது பதினெட்டு. தகப்பனாரின் பெட்டிசங்களையெல்லாம் நல்ல கையெழுத்தில் படியெடுத்து எடுத்து, மூன்று தேசாதிபதிகளோடு கடிதப் பழக்கம் உள்ளவள்.

"பெட்டிசம் வேண்டாம் ஐயா," என்றான் மார்க்கண்டு. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த மிஷன் டொக்டரம்மா தந்த துண்டு போதுமாம். அதைத் திங்கக்கிழமை சபைக்குக் காட்டினால் வேலை கிடைக்குமாம். டொக்டர் சொன்னார்... அப்ப நல்ல கண்ணைத்தான் கட்டியிருக்க வேணுமாம்."

ஆழ்வாப்பிள்ளை பேனையை மைக்கூட்டில் தோய்த்தார். எழுதவில்லை. இன்னொரு தரம் தோய்த்தார்.

"அது துலைஞ்சு போச்சு," என்றார்.

பாலேஸ்வரியின் முதற் பாற்பல் விழுந்த தேதி எழுதிய கடதாசி அந்த வீட்டு அலுமாரியில் இருந்தது. 1911ஆம் ஆண்டு வாங்கிய குடைக்குச் சிட்டை இருந்தது, குடை இல்லை.

"துலைஞ்சு போச்செண்டு சொல்லுறன். போய்ச் சாப்பிடு."

கதவு சாத்தப்பட்டது.

*

அடுப்படியில் தாயார் சிவக்கொழுந்து துருவலையில் தேங்காயோடு இருந்தார். கந்தோர் அறையில் பேசியதெல்லாம் சுவரைத் தாண்டிக் கேட்டிருந்தது. துருவலை நின்றுபோயிருந்தது.

"அம்மா, அண்ணைக்கு எந்தக் கண்ணைக் கட்டினது?" என்றாள் உள்ளே வந்த பாலேஸ்வரி.

சிவக்கொழுந்து பாதித் தேங்காயைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டொக்டரம்மா எனக்கு முன்னாலைதான் சொன்னவ. நல்ல கண்ணைக் கட்டு, சுகமில்லாத கண் வேலை செய்யட்டும் எண்டு. துண்டிலையும் அப்பிடித்தான். கொண்டுவந்து குடுத்தன். உங்கடை ஐயா வாசிச்சுப்போட்டுச் சிரிச்சார். 'காலிலை புண் வந்தால் புண் வந்த காலைக் கட்டுறதோ, நல்ல காலைக் கட்டுறதோ? வெள்ளைக்காரி பிள்ளைக்கு முன்னுக்கு இருந்து பாத்து இடம்வலம் மாறி எழுதிப்போட்டா' எண்டார். உடனை சிவப்பு மையை எடுத்தார்."

"நீங்கள் சொல்லேல்லையோ?"

"சொன்னன். உனக்கு விளங்கேல்லை எண்டார்." துருவலையிலிருந்து எழுந்தார். "அதோடை விட்டிருந்தால் அவரிலை மட்டும் பிழை. ஒரு நாள் அவர் பருத்தித்துறைக்குப் போன நேரம் நான் களவாய் நல்ல கண்ணைக் கட்டிப் பாத்தன். பிள்ளை படலைக் கதவிலை போய் முட்டி, நெத்தி வெடிச்சு, குருடன் மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு அம்மா அம்மா எண்டு அழுதவன். ஒழுங்கையாலை போனவை நிண்டு பாத்தினம். எனக்கு வெக்கமாய்ப் போச்சு பிள்ளை. அவிழ்த்து மற்றதைக் கட்டினன். உடனை ஓடித் திரிஞ்சான். அவர் சொன்னதுதான் சரியெண்டு நானும் நினைச்சன். நினைச்சனோ, நினைக்க விரும்பினனோ, எனக்கே தெரியேல்லை."

மார்க்கண்டுவின் நெற்றியில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. மாங்காய் பிடுங்கப் போய் விழுந்தது என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"அலுமாரியிலை மூண்டாம் தட்டு," என்றார் சிவக்கொழுந்து. "சமையல் புத்தகமும் சாதகமும் கிடக்கிற கட்டுக்குக் கீழை."

*

பாலேஸ்வரி கதவைத் தட்டாமலே திறந்தாள். அலுமாரி திறந்திருந்தது. துண்டு தகப்பனாரின் கையில் இருந்தது.

மறைக்க அவருக்கு நேரமிருந்தது. மறைத்துப் பழக்கமில்லாதபடியால் முடியவில்லை.

பழுப்பேறிய ஒரு கடதாசி. டொக்டரம்மாவின் குண்டு குண்டான தமிழ் எழுத்து: பிள்ளையின் வலது கண்ணைத் தினமும் ஆறு மணித்தியாலம் கட்டவும். ஆறு மாதம். 'வலது' சிவப்பு மையால் வெட்டப்பட்டு, மேலே 'இடது' என்றிருந்தது. கடதாசியின் அடியில், அதே சிவப்பில்:

"மேலே முதலாம் வரியில் 'வலது' என்னும் சொல் வெட்டப்பட்டு 'இடது' என்று எழுதப்பட்டது என்னாலேயே என்று இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன். க. ஆழ்வாப்பிள்ளை, பிரசித்த நொத்தாரிசு."

தேதியும் இருந்தது.

உறுதியில் ஒரு சொல்லை வெட்டினால் வெட்டியது யார் என்று அடியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது நொத்தாரிசுமாருக்குச் சட்டம். பின்னால் வழக்கு வந்தால் ஆளைப் பிடிப்பதற்காக. ஆழ்வாப்பிள்ளை உப்புப்புளி வாங்கும் துண்டில்கூட அந்தச் சட்டத்தை விட்டதில்லை. பதினாறு வருஷம் கழித்து ஆள் பிடிபட்டார்.

"சிவப்பை மெல்லச் சுரண்டி விடலாம் ஐயா," என்றாள் பாலேஸ்வரி. "இல்லாட்டில் இதைப் பாத்து அதே மாதிரிக் குண்டெழுத்திலை நான் வேறை ஒண்டு எழுதித் தாறன்."

"கள்ள எழுத்தோ?" சீறினார். அது பழைய ஆழ்வாப்பிள்ளையின் குரல். அடுத்தது வேறு யாரோ ஒருவருடையது போலிருந்தது. "இதை நாலு டொக்டர்மாருக்கு முன்னாலை வைக்கச் சொல்லுறியோ? வாசிச்சுப்போட்டுக் கொழும்புக்குப் போற வழியெல்லாம் சொல்லிச் சிரிப்பினம். உடுப்பிட்டியிலை ஒரு நொத்தாரிசு டொக்டரின்ரை துண்டைத் திருத்தினவராம், திருத்திப் பிள்ளையின்ரை கண்ணை..."

வசனத்தை முடிக்கவில்லை. அவர் முடிக்காமல் விட்ட முதல் வசனம் அதுவாக இருக்கலாம்.

"அப்ப அண்ணையின்ரை வேலை?"

அவர் பதில் சொல்லுமுன் வாசற்படியில் நிழல் விழுந்தது. மார்க்கண்டு. தகப்பனாரையும் கையிலிருந்த கடதாசியையும் ஒரு கணம் நேரே பார்த்தான். அந்தச் சிவப்பு மையை அந்த வீட்டில் எவரும் எவ்வளவு தூரத்திலும் அடையாளம் காண்பார்கள். பிறகு மெல்ல வலப்பக்கமாக, யன்னலை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"துலைஞ்சது துலைஞ்சதாய் இருக்கட்டும் ஐயா. நான் மலாயாவுக்குப் போறன். அங்கை தோட்டங்களிலை கண் பாக்கிறேல்லையாம்."

"மார்க்கண்டு..."

"உங்கடை கையிலை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியேல்லை," என்றான். "நீங்கள் என்ரை இடது பக்கத்திலை நிக்கிறியள்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. தகப்பனார் தலைகுனிவதைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. பார்க்காமல் இருப்பதற்கு அவனிடம் ஒரு கண் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது உபயோகப்பட்டது.

ஆழ்வாப்பிள்ளை கதிரையில் இருந்தார். கடதாசியை மேசையில் வைத்து நாலு மூலையையும் நீவினார். கை கறுப்பு மைக்கூட்டுக்குப் போய், திரும்பி, சிவப்புக்கு வந்தது.

'மேலே காணப்படும் திருத்தம்' என்று எழுதினார். அங்கே பேனை நின்றது. அடுத்த சொல்லை அவர் பிறருடைய ஓரங்களில் ஆயிரம் தடவை எழுதியிருப்பார். கை தூங்கும்போதும் எழுதக்கூடிய சொல். இன்றைக்கு இரண்டு எழுத்துக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

'பிழை. டொக்டர் எழுதியதே சரி. அவர் சொற்படி செய்யாது என் மகனின் கண்ணுக்குக் கெடுதி செய்தவன் நானே. க. ஆழ்வாப்பிள்ளை.'

'பிரசித்த நொத்தாரிசு' என்பதை எழுதவில்லை.

சிவக்கொழுந்து வாசலில் வந்து நின்றிருந்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேளாமலே பேனையை வாங்கினார். "நானும் இதிலை இருக்கிறன்," என்று சொல்லி, அடியில் 'சாட்சி' என்று போட்டுப் பெயரை எழுதினார்.

"சரி ஐயா, இவ்வளவு காணும்," என்றான் மார்க்கண்டு யன்னலைப் பார்த்தபடி.

"காணாது. இரண்டு சாட்சி இல்லாத எழுத்து என்ரை கையாலை போனதில்லை."

"நான் வைக்கிறன் ஐயா," என்றாள் பாலேஸ்வரி.

"உனக்குப் பராயம் வரேல்லை, இருபத்தொரு வயது ஆக வேணும்."

"அண்ணை?"

"பயன் பெறுகிறவர் சாட்சி வைக்கேலாது."

"அப்ப வெளியிலை இருந்தெல்லோ ஆள் வேணும்," என்றார் சிவக்கொழுந்து. ஒருவரையும் பாராமல் சொன்னார்: "மாஸ்டர் வளவுக்குள்ளைதான் நிக்கிறார். வாழைக்குத் தண்ணி கட்டுறார்."

முதலாம் வகுப்பில் மார்க்கண்டு சிலேட்டை வலப்பக்கமாகச் சரித்துப் பார்ப்பதைக் கண்டு, பிள்ளையைக் கண் டொக்டரிடம் காட்டுங்கள் என்று முதன்முதலில் சொன்னவரும் அந்த இராசநாயகம் மாஸ்டர்தான். இதை அந்த அறையில் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆழ்வாப்பிள்ளை சால்வையைத் தோளில் போட்டார். கடதாசியை இரண்டு கையாலும் தட்டத்தில் எடுப்பது போல எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். வெயில் சாய்ந்திருந்தது. வேலியில் பொட்டை அடைத்த ஓலை ஒன்பது வருஷத்தில் மூன்று முறை மாற்றப்பட்டிருந்தது. இரண்டு வீட்டாரும் முறை வைத்து மாற்றியிருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் ஒரு கண்ணால்.

"மாஸ்டர்," என்றார் வேலிக்கு. செருமினார். "மாஸ்டர், நிக்கிறியளோ?"

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மண்வெட்டி வைக்கப்பட்டது.

"ஆர்?"

"நான்தான். ஆழ்வாப்பிள்ளை."

வேலி யோசித்தது.

"என்ன வேணும்?"

"ஒரு எழுத்துக்குச் சாட்சி வைக்க வேணும். வாசிச்சுப் பாத்திட்டு வையுங்கோ. என்ரை பிழை ஒண்டு."

ஒன்பது வருஷமாக மெருகேற்றி வைத்திருந்த நிதானத்தோடு மாஸ்டரின் குரல் வந்தது:

"பேனை நான் கொண்டு வாறன். கறுப்போ, சிவப்போ?"

ஆழ்வாப்பிள்ளை ஓலையில் கை வைத்து, கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

"உங்கடை விருப்பம், மாஸ்டர்," என்றார்.